ஹார்டு டிஸ்க் மாற்றியபின் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் மாற்றியபின் வரும் பிழைகளில் பலவற்றுக்குப் புது டிஸ்க் காரணமே இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு முதலில் டிஸ்கை அடையாளம் காண வேண்டும். அப்புறம் அதில் பூட் லோடரை, அதாவது சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் சின்ன நிரலை, தேடிப் பிடிக்க வேண்டும். பூட் லோடர் விண்டோஸையோ லினக்ஸையோ கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் அந்த சிஸ்டம் தன் டிரைவரை (டிஸ்கோடு பேசும் சிறு மென்பொருள்) ஏற்றிக்கொண்டு அதே டிஸ்கைத் திறந்து படிக்க வேண்டும். இந்த நான்கில் எது அறுந்தது என்பதைத் திரையில் வரும் வாசகமே பெரும்பாலும் சொல்லிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன் அந்த வாசகத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே தனியாக எடுத்து வையுங்கள்.

புது டிஸ்க் போட்டு ஆன் செய்தேன். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருகிறது. டிஸ்க் பழுதா?

புதிதாக வாங்கிய டிஸ்கை அப்படியே செருகியிருந்தால், இந்த வாசகம் வருவதுதான் முறை. கடையிலிருந்து வரும் டிஸ்கில் விண்டோஸ் இருக்காது, பார்ட்டிஷன்கூட (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதி) இருக்காது. பூட் செய்ய அதில் ஒன்றுமே இல்லை என்பதைத்தான் கம்ப்யூட்டர் சொல்கிறது. ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’, ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று ஒவ்வொரு நிறுவனத்தின் பயாஸும் (ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) ஒவ்வொரு விதமாகச் சொல்லும், பொருள் ஒன்றுதான். பென் டிரைவிலிருந்து சிஸ்டத்தை நிறுவுங்கள், அல்லது பழைய டிஸ்கை இதில் க்ளோன் செய்யுங்கள், அதாவது அப்படியே நகலெடுங்கள். ஏற்கெனவே நிறுவிய பிறகும், க்ளோன் செய்த பிறகும் இதே வாசகம் வருகிறதென்றால்தான் கீழே உள்ளவற்றைப் பார்க்க வேண்டும்.

பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்கின் பெயரே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேபிளிலிருந்து. மென்பொருளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பயாஸுக்கே தெரியாத டிஸ்கை எந்தக் கட்டளையாலும் எழுப்ப முடியாது.

கேபிளில் இணைக்கும் வழக்கமான சாட்டா டிஸ்க் என்றால் இரண்டு கேபிள்கள் உண்டு: 7 தொடுமுனை உள்ள மெல்லிய டேட்டா கேபிள், 15 தொடுமுனை உள்ள அகலமான பவர் கேபிள். கம்ப்யூட்டரை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். டேட்டா கேபிளை மதர்போர்டில் வேறொரு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வேறு கேபிள் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். பல வருடம் மடங்கியே கிடந்த சாட்டா கேபிள், ஒரு முறை கழற்றி மாட்டியதும் தகராறு செய்வது சர்வ சாதாரணம். டிஸ்க் மாற்றும்போது கை பட்டு ரேம் தளர்ந்திருந்தால் திரையே வராது, அல்லது பீப் சத்தம் கேட்கும். அப்படியானால் ரேமையும் எடுத்துச் செருகுங்கள்.

கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் தட்டையான எம்.2 எஸ்எஸ்டியில் ஏமாற்றம் வேறு வகை. உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இனம் உண்டு. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் 2280 என்ற எண் குறிக்கிறது. எந்த இனம் என்பதை அது சொல்லாது. என்விஎம்இயை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 கச்சிதமாகப் பொருந்தி உட்காரும், ஆனால் பயாஸில் தெரியாது. சாட்டா வகையில் பொதுவாக இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. இதுவும் எப்போதும் பொருந்தும் விதி இல்லை என்பதால் மதர்போர்டு கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்வதே நல்லது. அந்தக் கையேட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: பல மதர்போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் குறிப்பிட்ட சில சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். புது எஸ்எஸ்டி நன்றாக வேலை செய்ய, பழைய டேட்டா டிஸ்க் காணாமல் போவதற்கு இதுவே பல நேரம் காரணம்.

வெளிப்புற ஹார்டு டிஸ்கின் பெட்டியைப் பிரித்து உள்ளிருந்த டிஸ்கை மாட்டினேன். சுழலும் சத்தம்கூட இல்லை.

சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது முனையைப் பாருங்கள். பழைய பவர் சப்ளைகளில் அந்த முனையில் 3.3 வோல்ட் வரும். புதிய சாட்டா தரத்தில் அதே முனைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அங்கே மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ளும். சர்வருக்கான டிஸ்குகளிலும், வெளிப்புறப் பெட்டிகளில் வரும் சில பெரிய டிஸ்குகளிலும் இந்த வசதி உண்டு. 3.3 வோல்ட் கம்பி இல்லாத மோலெக்ஸ் அடாப்டர் வழியாக பவர் கொடுத்தால் டிஸ்க் சுழலத் தொடங்கும். தரமான அடாப்டரையே வாங்குங்கள், மட்டமானவற்றில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

பயாஸில் டிஸ்க் தெரிகிறது. க்ளோன் செய்ததும் நூறு சதவீதம் முடிந்தது என்றே காட்டியது. இருந்தும் பூட் ஆகவில்லை.

க்ளோன் செய்தபோது எதையெல்லாம் டிக் செய்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் கோப்புகளும் விண்டோஸும் வந்திருக்கும், பூட் செய்யும் பகுதி வந்திருக்காது. யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) முறையில் பூட் லோடர் இருப்பது சி டிரைவில் அல்ல. டிஸ்கின் தொடக்கத்தை ஒட்டி, சி, டி போன்ற டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல், ஃபேட்32 வடிவத்தில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். மை கம்ப்யூட்டரில் தெரியாததால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் இந்த முறை டிஸ்க் முழுவதையும் தேர்ந்தெடுத்து மறுபடி க்ளோன் செய்வதுதான் சுலபமான வழி.

முழு டிஸ்கையும் க்ளோன் செய்திருந்தால் பயாஸில் பூட் முறையைப் பாருங்கள். டிஸ்கில் பார்ட்டிஷன் பட்டியலை எழுதி வைக்க எம்பிஆர் (பழையது), ஜிபிடி (புதியது) என்று இரண்டு வகை உண்டு. பழைய டிஸ்க் எம்பிஆர் வகையாக இருந்தால் அது லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் ஆகிக்கொண்டிருந்திருக்கும். ஜிபிடி வகை என்றால் யூஇஎஃப்ஐ. விண்டோஸுக்கு இந்த இரண்டும் ஜோடி மாறக்கூடாது. பயாஸை டீஃபால்ட்டுக்குத் திருப்பியவர்களுக்கும், டிஸ்க் மாற்றும்போது மதர்போர்டு பேட்டரியைக் கழற்றியவர்களுக்கும் முறை தானாகவே மாறியிருக்கலாம். அப்படி மாறியதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

பூட் ஆர்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்கின் பெயர் போய், முதலிடத்தில் நெட்வொர்க் பூட் வந்து உட்கார்ந்திருக்கலாம். யூஇஎஃப்ஐ முறையில் முதலில் இருக்க வேண்டியது டிஸ்கின் பெயர் அல்ல, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி.

பழைய டிஸ்கும் மாட்டியிருந்தால் பூட் ஆகிறது. அதைக் கழற்றினால் ஆகவில்லை. விண்டோஸை நிறுவியதோ புது எஸ்எஸ்டியில்தான்!

என்னிடம் யாராவது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். அவ்வளவு பேரை இது குழப்புகிறது, அவ்வளவு பேர் இதற்காக வீணாக விண்டோஸை மறுபடி நிறுவுகிறார்கள்.

விண்டோஸை நிறுவும்போது இரண்டு டிஸ்குகளும் மாட்டியிருந்தால், ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று நிறுவல் நிரல் பார்க்கும். பழைய டிஸ்கில் ஒன்று இருந்தால் பூட் கோப்புகளை அங்கேயே எழுதிவிடும். விண்டோஸ் புது எஸ்எஸ்டியில், அதைத் தொடங்கி வைக்கும் பகுதி பழைய டிஸ்கில் என்று பிரிந்துவிடும். இரண்டும் சேர்ந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. பழையதைக் கழற்றிய அன்று அல்லது அது செயலிழந்த அன்று கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

உறுதிசெய்ய, இரண்டையும் மாட்டி விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். ‘பூட்’ என்ற சொல் எஸ்எஸ்டியில் உள்ள பார்ட்டிஷனிலும், ‘சிஸ்டம்’ அல்லது ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்பது பழைய டிஸ்கிலும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, எஸ்எஸ்டியிலேயே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கி, பூட் கோப்புகளை அதில் எழுதுவது. முக்கியமான கோப்புகளுக்கு பேக்கப் எடுத்த பிறகே இதைத் தொடுங்கள். எஸ்எஸ்டி ஜிபிடி வகையா என்று பாருங்கள். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். அங்கே டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவியில் வால்யூம் (பார்ட்டிஷன்) பட்டியலைக் கேளுங்கள். இந்தச் சூழலில் எழுத்துகள் இடம் மாறும் என்பதை மறக்காதீர்கள்: உங்கள் சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம். எழுத்தை நம்பாமல் அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனிலிருந்து 300 எம்பி மட்டும் குறைத்து, கிடைத்த இடத்தில் இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் ஒன்றை 260 எம்பியில் உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து பிசிடிபூட் கட்டளையை இயக்குங்கள். அதற்கு மூன்று விவரம் தர வேண்டும்: விண்டோஸ் போல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது, பூட் கோப்புகளை எந்த எழுத்தில் எழுத வேண்டும், முறை யூஇஎஃப்ஐ என்பது. ‘பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

அடுத்த முறை விண்டோஸ் நிறுவும்போது, நிறுவப்போகும் டிஸ்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கொஞ்சம் வேலைதான், ஆனால் இந்தச் சிக்கல் வரவே வராது.

நீலத் திரையில் 000இ, 000எஃப் அல்லது 0225 என்று முடியும் பிழை எண் வருகிறது.

பூட் லோடர் கிடைத்துவிட்டது, ஆனால் விண்டோஸ் எந்த டிஸ்கில், எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்ற குறிப்பு தவறாக இருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை. அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் பிசிடி. முதலில் பென் டிரைவிலிருந்து ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ ஓட்டிப் பாருங்கள். அது கைவிட்டால் மேலே சொன்ன பிசிடிபூட் கட்டளையே போதும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தால் அதற்கு ஓர் எழுத்து கொடுத்தால் மட்டும் போதும், புதிதாக உருவாக்க வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் பூட்ரெக் கட்டளைகள் பழைய எம்பிஆர் காலத்துக்கு உரியவை. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் அதன் ‘ஃபிக்ஸ்பூட்’ பகுதி ‘ஆக்சஸ் டினைட்’ என்று மறுத்துவிடுவது வழக்கம். அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

விண்டோஸ் சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அப்புறம் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நிற்கிறது.

இதன் ஸ்டாப் கோடு 7பி. நான்கு கட்டங்களில் கடைசிக் கட்டம் இது. விண்டோஸ் தொடங்கிவிட்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்கையே அதனால் திறக்க முடியவில்லை. கையில் சரியான டிரைவர் இல்லை. வேகமாகத் தொடங்குவதற்காக விண்டோஸ், அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவைப்பட்ட ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும் முதலில் ஏற்றும்; மற்றவற்றை ஒதுக்கி வைத்திருக்கும். சாட்டா டிஸ்கிலிருந்து என்விஎம்இக்கு க்ளோன் செய்தாலோ, பயாஸில் சாட்டா முறை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு (டிஸ்கோடு பேசும் இரண்டு முறைகள்) மாறியிருந்தாலோ தேவைப்படும் டிரைவர் வேறாகிவிடும்.

பயாஸில் அந்த முறையை மாற்றினோமா என்று முதலில் யோசியுங்கள். மாற்றியிருந்தால் பழையபடி வைத்தாலே பூட் ஆகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சேஃப் மோட் வழியாகப் போங்கள். விண்டோஸுக்குள் இருக்கும்போது எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ‘சேஃப் பூட்’ என்பதை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் முறையை மாற்றுங்கள். சேஃப் மோடில் வரும்போது ஒதுக்கி வைத்த டிரைவர்களும் ஏறும். ஒரு முறை அப்படி வந்துவிட்டால் டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யலாம். என்விஎம்இக்கு க்ளோன் செய்வதற்கு முன்பும் பழைய டிஸ்கில் இதே சேஃப் பூட் டிக்கைப் போட்டுவிட்டு க்ளோன் செய்தால் பெரும்பாலும் சிக்கல் வராது.

விண்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க் ஒன்றும் தெரியவில்லை. பயாஸில் மட்டும் தெரிகிறது.

இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற, என்விஎம்இ டிஸ்குகளை நிர்வகிக்கும் அமைப்பு ஆனில் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் என்விஎம்இயை நிறுவல் நிரலால் டிரைவர் இல்லாமல் பார்க்க முடியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ பொத்தான் வழியாகக் காட்டுங்கள். புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டும் நிறுவலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அப்படி அணைத்தால் மேலே சொன்ன 7பி வந்து நிற்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் வகை என்பதால் நிறுவ முடியாது என்று மறுக்கிறதா? பூட் மெனுவில் உங்கள் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்ததா என்று பாருங்கள். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. எதை அழுத்துகிறீர்களோ அந்த முறையிலேயே விண்டோஸும் நிறுவப்படும். காலி டிஸ்க் என்றால் எல்லா பார்ட்டிஷனையும் நீக்கிவிட்டு யூஇஎஃப்ஐ வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். விண்டோஸும் கோப்புகளும் உள்ள டிஸ்க் என்றால், 2017இல் விண்டோஸ் 10இன் 1703 பதிப்போடு வந்த எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி அழிக்காமலே மாற்றித்தரும். டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் அது சம்மதிக்காது. மாற்றி முடித்ததும் பயாஸையும் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

4 டிபி டிஸ்க் போட்டேன். 2 டிபிதான் பயன்படுத்த முடிகிறது.

எம்பிஆர் வகையின் வரம்பு அது. 512 பைட் செக்டர்களை (டிஸ்கைப் பிரிக்கும் சின்னத் துண்டுகள்) 32 பிட் எண்ணால் எண்ணுவதால் 2 டிபியோடு கணக்கு நின்றுவிடும். ஜிபிடிக்கு மாற்றினால் மீதி இடமும் கிடைக்கும்.

48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே ஆனில் இருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டையோ பூட் ஆர்டரையோ மாற்றினால், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று எண்ணி அது சாவியைக் கேட்கும். பயாஸில் கடைசியாக மாற்றியதைத் திருப்பி வையுங்கள், பல நேரம் கேட்பது நின்றுவிடும். இல்லாவிட்டால் வேறொரு கருவியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் சாவி அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியும் கணக்கில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கேயும் சாவி இல்லை என்றால் அந்தத் தரவைத் திறக்க வழி கிடையாது. திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிஸ்க் மாற்றும் எண்ணம் இருந்தால் முதல் வேலையாகச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை அணைத்துவிட்டு, அப்புறம் க்ளோன் செய்யுங்கள்.

உபுண்டு. ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கிறது. சில நேரம் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. க்ரப் ரெஸ்க்யூ என்றால், லினக்ஸின் பூட் லோடரான க்ரப் தன் மீதிக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனைக் காணாமல் நிற்கிறது. லைவ் பென் டிரைவில் பூட் செய்து, உங்கள் ரூட் (லினக்ஸ் உள்ள) பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக உங்கள் சிஸ்டத்துக்குள் போய் க்ரப்பை மறுபடி நிறுவி, அதன் பட்டியலையும் புதுப்பியுங்கள்.

ஒன்றரை நிமிடக் காத்திருப்பு என்பது லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் 90 விநாடிக் கெடு. எந்தப் பார்ட்டிஷன்களை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய டிஸ்கின் யூயூஐடி (அடையாள எண்) இன்னும் இருக்கிறது. கழற்றி வைத்த டிஸ்குக்காக லினக்ஸ் காத்திருக்கிறது. எமர்ஜென்சி மோடிலேயே பிஎல்கேஐடி கட்டளையால் புது பார்ட்டிஷனின் யூயூஐடியைப் பார்த்து எஃப்எஸ்டேப்பில் மாற்றி எழுதுங்கள். டேட்டா மட்டும் உள்ள டிஸ்குகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால், அந்த டிஸ்க் இல்லாத நாளிலும் பூட் தடைப்படாது.

யூஎஸ்பி டாக்கில் மாட்டி க்ளோன் செய்தபோது கோப்புகள் எல்லாம் தெரிந்தன. உள்ளே மாட்டியதும் காலி டிஸ்க் என்கிறது.

சில டாக்குகள் (டிஸ்கை வெளியிலிருந்து யூஎஸ்பியில் இணைக்கும் கருவி) 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் கணக்கெல்லாம் அந்த அளவில் எழுதப்பட்டிருக்கும். நேராக சாட்டாவில் மாட்டியதும் கணக்கு இடிக்கிறது. ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். டாக்கில் திரும்ப மாட்டினால் கோப்புகள் தெரியும். இரண்டு டிஸ்கையும் நேராக மதர்போர்டில் மாட்டி மறுபடி க்ளோன் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டாலும் பூட் ஆர்டர் மாறிவிடுகிறது.

தேதியும் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் 2032 என்ற எண் இருக்கும். மாற்றிவிட்டு பயாஸை ஒரு முறை அமைத்தால் போதும்.

விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்கை மட்டும் மாற்றி அதே பதிப்பை நிறுவினால், இணையத்தோடு இணைந்ததும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

பழைய டிஸ்கை எப்போது அழிக்கலாம்?

க்ளோன் முடிந்ததும் பழையதை மாட்டியபடியே பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால் எதிலிருந்து பூட் ஆனோம் என்பதே குழம்பிவிடும், ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைனில் வைத்துவிடவும் கூடும். பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதிலேயே சில வாரங்கள் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். புகைப்படங்கள், மெயில் கோப்புகள், கணக்கு மென்பொருளின் தரவு எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய டிஸ்க் க்ளிக் க்ளிக் என்று தட்டும் சத்தம் எழுப்பியதால்தான் மாற்றினீர்கள் என்றால், அதில் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கும் நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடும். அந்தத் தரவு வேண்டும் என்றால் டேட்டா மீட்புப் பணியாளரிடம் நேராகக் கொண்டுபோங்கள்.